ரத்தம் ஊற மூன்று கிளாஸ்

லீலியா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு நர்ஸுக்கு வரக்கூடாத பயம். அவளோ வாயெல்லாம் பல்லாக என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏழு வருஷம் கழிச்சு, நர்ஸம்மா! ஆகஸ்ட்ல அவரு லீவுக்கு வந்துட்டுப் போனாரில்ல, அப்ப உண்டானது. நாள் தள்ளி ஒரு மாசம் ஆச்சு. போன்ல சொன்னா நம்பவே மாட்டேங்கறாரு. திருநாளுக்கு ஓடி வர்றேன்னு டிக்கெட் போட்டுட்டாரு."

"நல்லது. உக்காரு, பிரஷர் பாக்கறேன்" என்றேன்.

"இந்த வாட்டி நீங்க சொல்றதுக்கு முன்னாடியே நான் ஆரம்பிச்சுட்டேன்."

"எதை?"

"ஒயினைத்தான். வேளைக்கு ஒரு கிளாஸ். போன வாட்டி நீங்கதானே சொன்னீங்க, ரத்தம் ஊறும்னு? அத்தை அதை மறக்கவே இல்ல. சந்தேகம்னு சொன்ன அன்னிக்கே ஜாடியை எடுத்து வச்சுட்டாங்க."

அவள் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிவிட்டுக் காற்றடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் பின்னால் அவள் மகள் வியோரிக்கா எடை பார்க்கும் மெஷினின் இரும்புக் குண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. பார்த்தால் ஐந்துகூட மதிக்க முடியாது. சின்னத் தலை, சின்னக் கண்கள், கோடு கிழித்த மாதிரி மெலிந்த மேலுதடு. மூக்குக்குக் கீழே நம் எல்லோருக்கும் இருக்கிற பள்ளம் அவளுக்கு இல்லை, மழமழவென்று இருக்கும். பள்ளியில் முதல் வகுப்பிலேயே இரண்டாம் வருடம் உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த முகத்தை அப்படிச் செய்தவள் நான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் லீலியா இதே நாற்காலியில் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஐந்து மாதம், இரண்டு மாத கர்ப்பம். ரத்தம் போதாது. இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் கொடுத்த வேகத்தில் வாந்தி எடுத்தாள். அப்போது நான் பெரிய மேதாவி போல, "மாத்திரையை விட்டுத் தள்ளு. உன் மாமனார் கையால செஞ்ச சிவப்பு ஒயின் வேளைக்கு ஒரு கிளாஸ் குடி. காலைல ஒண்ணு, மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தன்னால ரத்தம் ஊறும்" என்றேன். என் அம்மாவுக்கு அவள் அம்மா சொன்னது, எனக்கு என் அம்மா சொன்னது. மால்டோவாவில் எந்தக் கிராமத்திலும் அப்படித்தான் சொல்வார்கள், ஆனால் அவர்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொல்வதில்லை.

லீலியாவுக்கு ஒயின் வாசனையே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, மருந்து என்று நினைத்துக் குடித்தாள். ஏழு மாதம் ஒரு வேளை தவறவில்லை. நான் சொன்னதை அப்படியே கேட்ட ஒரே கர்ப்பிணி அவள்தான், கடவுளே. அவளுடைய அட்டையில் 'மதுப்பழக்கம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று என் கையால் எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடையில் வாங்கும் வோட்கா மது, வீட்டில் செய்யும் ஒயின் சாப்பாடு. எங்கள் ஊரில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

வியோரிக்கா பிறந்தாள். சோனிப் பிள்ளை, பால் குடிக்கத் தெரியாத பிள்ளை. போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். அவளுக்கு இரண்டு வயதானபோது மாவட்டத் தலைநகரில் நர்ஸுகளுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். நாட்டின் தலைநகரான கிஷினாவிலிருந்து வந்த டாக்டரம்மா திரையில் ஒரு குழந்தையின் படத்தைப் போட்டார். மெலிந்த மேலுதடு, மழமழ மூக்கடி, சின்னக் கண். "தாய் குடித்தால் குழந்தையும் குடிக்கிறது. தாயின் ஈரல் வேலை செய்யும், குழந்தையின் ஈரல் செய்யாது. மூளை உருவாகிற நேரத்தில் அதில் மது ஊறுகிறது. ஒயினா, பீரா, வோட்காவா என்பதில் வித்தியாசம் இல்லை" என்றார். படத்தில் இருந்தது யாரோ வெளிநாட்டுக் குழந்தை, ஆனால் நான் பார்த்தது வியோரிக்காவை.

வகுப்பு முடிந்ததும் எங்களுக்கு விருந்து வைத்தார்கள், ஒயினும் வைத்தார்கள். பக்கத்து ஊர் நர்ஸ் கிளாஸை நீட்டி, "அதெல்லாம் வோட்கா குடிக்கிறவளுகளுக்கு, நீ குடி" என்றாள். நானும் குடித்தேன்.

ஊருக்குத் திரும்பி வந்து எந்தக் கர்ப்பிணிக்கும் ஒயின் குடி என்று சொல்வதை நிறுத்திக்கொண்டேன். குடிக்காதே என்றும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று சொன்னால் லீலியா என் முகத்தைப் பார்ப்பாள். முப்பத்தோரு வருட வேலை, ஊரே 'நர்ஸம்மா' என்று கூப்பிடும் மரியாதை, கல்யாணமென்றால் முதல் வரிசை நாற்காலி. அதையெல்லாம் விட எனக்கு மனசு வரவில்லை.

இதற்கிடையில் லீலியா தானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். வயிற்றில் பிள்ளையோடு பக்கத்து வீட்டு மரத்தில் கேட்காமல் ஒரு கை செர்ரி பறித்துத் தின்றாளாம். கர்ப்பிணி திருடினால் அது பிள்ளைமேல் வந்து நிற்கும் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. அந்த வீட்டுக்காரியிடம் போய் ஒரு கோழியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டாள். மடத்துக்குப் போய் மாதா கோவிலை முட்டிபோட்டுச் சுற்றி வந்தாள். முட்டி சிராய்த்து ரத்தம் கட்டிக்கொண்டு என்னிடம்தான் மருந்து போட வந்தாள். "போதும்டி, ஆண்டவர் மன்னிச்சிருப்பாரு" என்று சொல்லிக்கொண்டே பஞ்சால் துடைத்துவிட்டேன். என்னைப் போன்ற ஒருத்தியை நானே எங்கேயாவது பார்த்தால் காறித் துப்பியிருப்பேன்.

இப்போது அவள் மறுபடியும் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், வயிற்றில் இரண்டு மாதத்துப் பிள்ளை, வேளைக்கு ஒரு கிளாஸ்.

"ஒயினை நிறுத்து" என்றேன்.

"ஏன் நர்ஸம்மா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"உனக்கு... வயிறு புளிச்சிருக்கு. நெஞ்செரிச்சல் வரும். அதனால வேணாம். மாத்திரை தர்றேன், சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, வாந்தி வராது."

"நெஞ்செரிச்சலே இல்லையே எனக்கு."

"வரும். நான் சொல்றேன்ல, ஒரு சொட்டு தொடாத."

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். பிள்ளை பிழைத்தது, நானும் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்.

நவம்பரில் ஊர்த் தேவாலயத் திருநாள் வந்தது. அன்றைக்குத்தான் எல்லா வீட்டிலும் புது ஒயினைத் திறப்பார்கள். லீலியாவின் மாமனார் ஹரலம்பி ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அவர் வீட்டு நிலவறையைப் பற்றி அவருக்கு இருக்கும் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. சொந்தத் தோட்டத்துத் திராட்சை, சர்க்கரை கிடையாது, பவுடர் கிடையாது.

மதிய நேரம். மேலே பெண்கள் கோஸ் இலையில் அரிசி சுருட்டியதைத் தட்டுகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். படியில் இறங்கினால் பீப்பாய் ஓரமாகப் பத்துப் பேர். எங்கள் பக்கத்து வழக்கம், நிலவறையில் ஒரே கிளாஸ்தான். வீட்டுக்காரர் முதலில் ஊற்றிக் குடிப்பார், அப்புறம் அதே கிளாஸில் அடுத்தவருக்கு ஊற்றித் தருவார். அது வட்டமாகப் போகும். வாங்க மாட்டேன் என்று யாராவது சொன்னால் வீட்டுக்காரரை முகத்தில் அறைந்த மாதிரி.

லீலியாவின் புருஷன் வலேரியு அன்று காலைதான் இத்தாலியிலிருந்து வந்திருந்தான். அப்பன் பக்கத்தில் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு நின்றான். ஹரலம்பி படியைப் பார்த்துக் கத்தினார்.

"மருமகளே! கீழ வா! என் பேரனுக்கு முதல் கிளாஸ் நான் ஊத்தறேன்!"

லீலியா இறங்கி வந்தாள். பின்னாலேயே மாமியார் பெலாகியா.

"மாமா, எனக்கு வேணாம். நெஞ்செரிச்சல்" என்றாள் லீலியா.

"நெஞ்செரிச்சலா? என் ஒயினுக்கா?" ஹரலம்பி வயிறு குலுங்கச் சிரித்தார். "அடியேய், நெஞ்செரிச்சலுக்கு மருந்தே இதுதான். யாரு சொன்னது உனக்கு?"

"நர்ஸம்மாதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சினோவியா, நீயா? போன கோடைல என் பீப்பாயைப் பாதி காலி பண்ணியே, உனக்கு எரியலையா?" என்று ஹரலம்பி கேட்டார். நிலவறையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

கிளாஸ் லீலியாவின் கையில் இருந்தது. அவள் என்னைப் பார்த்து, "ஒரு வாய்தானே, நர்ஸம்மா?" என்றாள்.

ஒரு வாயில் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். குடித்துவிட்டுப் போகட்டும், நாளைக்குத் தனியாகக் கூப்பிட்டு வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அப்போது பெலாகியா பெருமையாகக் குறுக்கே வந்தாள்.

"ஒரு வாய் என்ன? தினமும் ராத்திரி சாப்பாட்டோட ஒரு கிளாஸ் என் கையால குடுத்துட்டுதான் இருக்கேன். நெஞ்செரிச்சலாம்! அதுக்குப் பயந்து பேரனுக்கு ரத்தம் இல்லாம விட்டுருவேனா?"

லீலியா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மூன்று வாரமும் நான் நிம்மதியாகத் தூங்கிய ஒவ்வொரு ராத்திரியும் இவள் குடித்திருக்கிறாள். நான் சொன்ன காரணம் பொய், அதனால் அதற்கு வலு இல்லை.

"கீழ வை" என்றேன்.

"என்னது?"

"கிளாஸைக் கீழ வை, லீலியா. நெஞ்செரிச்சல்னு நான் சொன்னது பொய். வியோரிக்கா இப்படிப் பொறந்ததுக்கு இந்த ஒயின்தான் காரணம். நீ செர்ரி தின்னதில்ல. ஒயின். குடிக்கச் சொன்னது நான்."

சிரிப்பு நின்றது. பீப்பாய்க் குழாயிலிருந்து சொட்டுவது கேட்டது, யாரும் போய் மூடவில்லை.

"என் ஒயினா?" ஹரலம்பியின் கழுத்து சிவந்தது. "என் ஒயின் என் பேத்தியைக் கெடுத்துச்சா? சர்க்கரை போட்டேனா? பவுடர் கலந்தேனா? சொல்லு பாப்போம்!"

"ஒண்ணும் கலக்கல, அண்ணே. சுத்தமான ஒயின்தான். சுத்தமா இருந்தாலும் அதுக்குள்ள இருக்கறது சாராயம்தான். எந்தத் தோட்டத்துத் திராட்சைன்னு வயித்துக்குள்ள இருக்கற குழந்தைக்குத் தெரியாது."

"அப்ப என் மருமவ குடிகாரிங்கறியா? அவ வோட்கா கிளாஸை மோந்தாவது பாத்திருப்பாளா?"

"இல்லண்ணே. அவ குடிகாரி இல்ல. சொன்ன பேச்சைக் கேட்டா. அவ்வளவுதான்."

"எங்க அம்மா ஒம்பது பெத்தா. இந்த ஒயினைக் குடிச்சுத்தான் பெத்தா!"

"ஒம்பதுல நாலு மண்ணுக்குள்ள இருக்கு" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த நாலும் எதனால் போனதென்று எனக்குத் தெரியாது. கோபத்தில் வாய் முந்திவிட்டது. ஹரலம்பியின் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஐம்பது வருடமாக ஊரே பாராட்டிய ஒன்றை நான் பத்துப் பேர் முன்னால் விஷம் என்று சொல்லிவிட்டேன், அவருக்கும்தான் அந்தப் பேத்தி உயிர்.

வலேரியு வந்து மனைவியின் கையிலிருந்து கிளாஸை வாங்கிப் பீப்பாய்மேல் வைத்தான். என் பக்கம் திரும்பிக் கேட்டான்.

"இப்ப இருக்கற புள்ளைக்கு?"

"இன்னிக்கே நிறுத்துங்க. நிறுத்தற ஒவ்வொரு நாளும் அதுக்கு நல்லது. ஒண்ணும் ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், தம்பி. டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட உள்ளது உள்ளபடி சொல்லுங்க. என் பேரையும் சொல்லுங்க."

"அம்மா, இவளுக்கு கம்போட் கொண்டா" என்றான். பெலாகியா நகரவில்லை. அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தினமும் ஊற்றிக் கொடுத்த கை. அவனே படியேறிப் போய்க் காய்ந்த ஆப்பிள் வேகவைத்த தண்ணீரை ஜாடியோடு கொண்டுவந்தான்.

"வெளிய போ, சினோவியா" என்றார் ஹரலம்பி. போனேன்.

சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. நான் கெடுதல் செய்தேன் என்று யாரும் பேசவில்லை. எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று பேசினார்கள். லீலியா மறைவில் வோட்கா குடித்திருப்பாள், அவளைக் காப்பாற்ற நான் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று சிலர் சொன்னார்களாம். ஒயின் கெடுதல் என்பதைவிட ஒரு நல்ல பெண் குடிகாரி என்பதை நம்புவது எங்கள் ஊருக்குச் சுலபமாக இருந்தது. ரொட்டிக் கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அது எனக்கு வலிக்கவில்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டேன், பிள்ளை பிழைக்கும், எனக்கு வர வேண்டியது வந்துவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவுதான் வர வேண்டியது என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் கதவைத் திறக்கும்போது லீலியா வாசலில் இருந்தாள். வியோரிக்காவையும் கூட்டி வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

நேற்றுதான் என்று சொல்லியிருக்கலாம். போன மாதம் என்றும் சொல்லியிருக்கலாம். அந்த வகுப்பைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும்?

"அஞ்சு வருஷமா. டவுன்ல நர்ஸுகளுக்கு ஒரு வகுப்பு வச்சாங்க, அங்க தெரிஞ்சுது" என்றேன்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். "அப்ப இவளுக்கு ரெண்டு வயசு."

"ஆமா."

"நீங்க தெரியாம ஒயின் குடிக்கச் சொன்னீங்க. அதை விடுங்க. நல்லதுன்னு நினைச்சு சொன்னீங்க, எங்க அம்மாவா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க." அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நேத்து சொல்லிக்குடுத்த எழுத்து இவளுக்கு இன்னிக்கு ஞாபகம் இருக்காது, நர்ஸம்மா. ஷூ நாடா கட்டக் காட்டித் தருவேன். அழகா கட்டுவா. விடிஞ்சா புதுசாப் பாப்பா. வேணும்னே செய்யறான்னு நினைச்சேன். திமிருன்னு நினைச்சேன். கரண்டியால அடிச்சேன். சோளத்தைத் தரையில கொட்டி அது மேல முட்டி போட வச்சேன், அழ அழ, ஒரு மணி நேரம். எதுக்கு நிக்கறோம்னே அதுக்குள்ள மறந்து போயிருக்கும் இவளுக்கு."

"லீலியா..."

"ரெண்டு வயசு வரைக்கும் நான் இவளை ஒரு அடி அடிச்சதில்ல. அடிச்சதெல்லாம் அதுக்கப்புறம். நீங்க அந்த வகுப்புக்குப் போய்ட்டு வந்ததுக்கப்புறம்."

ஒயினுக்காக ஐந்து வருடமாகக் கணக்குப் போட்டு என்னை நானே திட்டியிருக்கிறேன். இந்த அடிகள் அதில் ஒரு நாளும் வந்ததில்லை. என் மௌனத்தால் யாருக்கும் புதிதாக ஒரு கெடுதலும் இல்லை என்றே நம்பியிருந்தேன்.

"என்னை மன்னிச்சுடும்மா" என்றேன்.

"என்கிட்டக் கேக்காதீங்க. அடி வாங்கினது நானில்ல. இவகிட்ட சொல்லுங்க."

வியோரிக்கா எடை மெஷின் பக்கம் போயிருந்தாள். நான் அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். அவள் உயரத்துக்கு என் முகம் வந்தது. என்ன வார்த்தை சொல்வது என்று தெரியவில்லை, வந்ததைச் சொன்னேன்.

"கண்ணு, நீ அம்மா வயித்துக்குள்ள இருந்தப்ப அம்மாவை ஒண்ணு குடிக்கச் சொன்னேன். அது கெட்டது. அதனால உன் தலைக்குள்ள எதுவும் தங்க மாட்டேங்குது. தப்பு என்னோடது. உன்னோடது இல்ல."

"அப்ப நான் வேணும்னு மறக்கலையா?"

"இல்லம்மா. வேணும்னு மறக்கல."

"நான் கெட்ட பொண்ணு இல்லையா?"

"இல்ல."

அவள் முகம் முழுக்கச் சிரித்தாள். ஓடிப்போய் அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்து, "அம்மா, நான் வேணும்னு மறக்கலையாம்!" என்றாள். லீலியா அவளைத் தூக்கிக்கொண்டாள், அந்தக் கழுத்தில் முகத்தை வைத்து ரொம்ப நேரம் நின்றாள். பிறகு கோட்டுப் பட்டனைப் போட்டுவிட்டபடி என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு இது மறந்துடும் இவளுக்கு. அடி மட்டும் எப்படியோ மறக்க மாட்டேங்குது. கரண்டியை எடுத்தா இன்னும் கையைப் பின்னால ஒளிச்சுக்கறா. நாளைக்கும் கூட்டிட்டு வர்றேன். நாளைக்கும் சொல்லுங்க."

அடுத்த நாள் எட்டு மணிக்கு அவர்கள் வந்து நின்றார்கள். வியோரிக்கா எடை மெஷினைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள். நேற்று நடந்ததன் ஒரு சாயல்கூட அந்த முகத்தில் இல்லை. நான் முட்டி போட்டு உட்கார்ந்து, "கண்ணு, தப்பு என்னோடது" என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.